காசாவுக்குக் கூடாரம் அனுப்பும் வேலை: போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை கற்று, அப்புறம் துபாயில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் பல வருஷம் இருந்தவன் நான். கன்டெய்னர், சுங்கம், பில் ஆஃப் லேடிங் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் தைரியத்தில்தான் 2024 பிப்ரவரியில் ஒரு சின்ன ஐரோப்பிய நிவாரண அமைப்பின் ஒப்பந்த வேலைக்கு எகிப்து போனேன். வேலை என்னவோ கேட்க எளிதுதான். சினாயின் வடகரையில் உள்ள அல்-அரீஷ் ஊரில் தங்கி, அமைப்பு அனுப்பும் கூடாரங்கள், சுகாதாரப் பெட்டிகள், சோலார் விளக்குகள் எல்லாவற்றையும் எகிப்து-காசா எல்லையில் உள்ள ரஃபா வாசல் வழியாகக் காசாவுக்குள் சேர்க்க வேண்டும். எனக்கு முன்னால் அங்கிருந்தவர் நான் போய்ச் சேருவதற்குள் கிளம்பிவிட்டார். ஒரு பென் டிரைவும் குடோன் சாவியும் மட்டும் ஹோட்டல் வரவேற்பறையில் எனக்காக இருந்தன. கேட்க ஆள் இல்லாமல் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை, இப்படி ஒரு வேலைக்குப் போகிற நம் ஆட்களுக்காகவும் ஊரில் பணமோ பொருளோ திரட்டி அனுப்ப நினைக்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். அமைப்பின் பெயர் வேண்டாம். அதில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. தொலைவில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

அல்-அரீஷிலிருந்து ரஃபா எல்லை, தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் உள்ள தூரம்தான். ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் நான் போன சமயம் அந்தச் சாலையோரம் முழுக்க லாரிகள். ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள், சக்கரத்துக்குப் பக்கத்தில் அடுப்பு வைத்து டீ போட்டார்கள். சிலர் வாரக்கணக்கில் அப்படியே. போருக்கு முன் காசாவுக்குள் வேலைநாளுக்கு ஏறக்குறைய 500 லாரிகள் போய்க்கொண்டிருந்தன என்று ஐ.நா. கணக்கு. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதல் நடந்து, 9ஆம் தேதி இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சர் யோவ் காலன்ட் முழு முற்றுகையை அறிவித்தார்: மின்சாரம் இல்லை, உணவு இல்லை, எரிபொருள் இல்லை. அதன் பிறகு முதல் நிவாரண லாரிகள் ரஃபாவில் நுழைந்தது அக்டோபர் 21 அன்று. மொத்தம் 20. இருபது லட்சத்துக்கும் மேல் மக்கள் இருக்கிற இடத்துக்கு. நான் போனபோது அந்த எண்ணிக்கை கூடியிருந்தது, ஆனால் எந்த நாள் எத்தனை போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

லாரி போகிற வழியை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் எனக்கு இதை யாரும் படம் போட்டுக் காட்டவில்லை. எகிப்தில் இறங்கும் நிவாரணப் பொருள் எதுவானாலும் நம் செஞ்சிலுவைச் சங்கம் மாதிரியான எகிப்திய செம்பிறைச் சங்கத்தின் கைக்குத்தான் வரவேண்டும். உங்கள் அமைப்பு எவ்வளவு பெரியதானாலும் சரக்குப் பெறுபவர் பெயரில் உங்கள் பெயர் போட்டால் துறைமுகத்திலேயே நிற்கும். அங்கிருந்து ஏற்றிய லாரி ரஃபா வாசலுக்குப் போய் நேராக உள்ளே போகாது. தெற்கே பாலைவனத்தில் எகிப்தியர் அல்-அவ்ஜா என்றும் இஸ்ரேலியர் நிட்சானா என்றும் சொல்லும் சோதனைச் சாவடிக்குப் போகும். இல்லாவிட்டால் காசா எல்லையில் இஸ்ரேல் பக்கம் உள்ள கெரெம் ஷாலோம் சாவடிக்கு. அங்கே இஸ்ரேலிய அதிகாரிகள் ஸ்கேன் செய்து, சில சமயம் இறக்கிப் பார்த்து, சரி என்றால் லாரி திரும்பி வந்து உள்ளே போய்ச் சரக்கை இறக்கும். பிறகு காசாவின் லாரி வந்து ஏற்றிக்கொள்ளும். ஒரே மூட்டையை எத்தனை பேர் எத்தனை தடவை தூக்கி இறக்குகிறார்கள் என்று பார்த்தால், அட்டைப்பெட்டி எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று உங்களுக்கே புரியும். எங்கள் பெட்டிகள் விமானத்துக்காகக் கட்டியவை. மூன்றாவது இறக்கத்திலேயே வாய் பிளந்தன.

எங்கள் சுகாதாரப் பெட்டியில் சோப்பு, பற்பசை, சானிட்டரி நாப்கின், துண்டு, சீப்பு, ஒரு நகவெட்டி, ஒரு சின்னக் கத்தரிக்கோல். பேக்கிங் லிஸ்டில் இதற்கெல்லாம் ஒரே வரி: குடும்பச் சுகாதாரப் பெட்டி, இத்தனை எண்ணம். துபாயில் இப்படித்தான் எழுதுவோம், யாரும் கேட்கமாட்டார்கள். மார்ச் மாதம் அந்த லாரி திரும்பி வந்தது. ஏன் என்று எழுதிக் கொடுக்கவில்லை. ஓட்டுநர் கையை விரித்துக் காட்டி, கத்தரிக்கோல் வெட்டுகிற மாதிரி விரலை அசைத்தார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த அதிகாரபூர்வப் பதில். எங்களுக்கு மட்டும் இப்படியா என்று பார்த்தால், பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. முகமையின் தலைவர் ஃபிலிப் லஸ்ஸரினி அதே மார்ச் மாதம் பகிரங்கமாகச் சொல்லியிருந்தார்: குழந்தைகளுக்கான மருத்துவப் பெட்டியில் கத்தரிக்கோல் இருந்ததால் ஒரு லாரியே திருப்பி அனுப்பப்பட்டது என்று. அதற்கு முன் ஜனவரியில் ரஃபாவுக்கு வந்த அமெரிக்க செனட்டர்கள் கிறிஸ் வான் ஹாலனும் ஜெஃப் மெர்க்லியும், திருப்பப்பட்ட பொருட்கள் கிடக்கும் குடோனைப் பார்த்துவிட்டுப் பேசியிருந்தார்கள். ஆக்சிஜன் சிலிண்டர், கூடாரம், தண்ணீரைச் சோதிக்கும் கருவி, பிரசவப் பெட்டி எல்லாம் அங்கே இருந்தன. இந்தச் செய்திகள் இணையத்தில் கிடந்தன. கிளம்பும் முன் யாராவது என் கையில் கொடுத்திருந்தால் நகவெட்டியை ஐரோப்பாவிலேயே எடுத்திருப்போம்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரு பொருள் கூடாது என்றால் அந்தப் பொருளை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விடமாட்டார்கள். முழு லாரியும் திரும்பும், மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். அதனால் ஒரு லாரியில் ஒரே வகைச் சரக்கை ஏற்றுங்கள். சோப்பு லாரியில் சோப்பு மட்டும். கேள்வி வரக்கூடியதை, அதாவது பேட்டரி உள்ளது, உலோகக் கம்பி உள்ளது, ரசாயனம் என்று பெயரில் வருவது, இவற்றைத் தனி லாரியில் வையுங்கள். அது நின்றாலும் மற்றது போகும். பேக்கிங் லிஸ்டில் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் தனி வரியாக, அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும், கூடவே படமும். பாலெட்டின், அதாவது சரக்கை அடுக்கும் பலகைத் தட்டின், உயர வரம்பை ஏற்றுவதற்கு முன் செம்பிறை ஆட்களிடம் கேட்டு, ஒரு குச்சியில் அளவு குறித்து வைத்துக்கொண்டேன் நான். கேலியாகப் பார்த்தார்கள், ஆனால் உயரத்துக்காக ஒரு பாலெட்கூட அதன் பிறகு திரும்பவில்லை.

கூடாரக் கதை இதைவிட மோசம். குளிருக்கென்று வாங்கிய குடும்பக் கூடாரங்கள், அலுமினியக் கால்களோடு. உலோகக் கம்பி என்று நின்றது. இரட்டைப் பயன்பாட்டுப் பொருள் என்பார்கள். பொதுமக்களுக்கும் பயன்படும், ஆயுதம் செய்யவும் பயன்படலாம் என்று இஸ்ரேல் கருதும் பொருட்களுக்கு அந்தப் பெயர். பட்டியல் இருக்கிறது என்பார்கள், ஆனால் பட்டியலில் உள்ளதற்கும் சாவடியில் நடப்பதற்கும் சம்பந்தம் குறைவு. இன்று போன பொருள் அடுத்த வாரம் நிற்கும். பச்சை நிறத் தூக்கப்பைகள் ராணுவ நிறம் என்று நின்றதாகப் பக்கத்து குடோன்காரர்கள் சொன்னார்கள். இஸ்ரேல் தரப்பில் இதைப் பார்க்கும் கோகாட் அலுவலகம், மனிதாபிமான உதவிக்குத் தாங்கள் வரம்பு வைக்கவில்லை, உள்ளே விநியோகிக்க ஐ.நா.வால் முடியவில்லை என்பதே தடை என்று சொல்லிக்கொண்டிருந்தது. விநியோகம் சிதைந்திருந்தது உண்மைதான். உள்ளே டீசல் இல்லை, சாலை இல்லை, லாரிக்குக் காவல் வந்த போலீஸார் தாக்கப்பட்ட பிறகு காவலுக்கு யாரும் வரவில்லை, பசித்தவர்கள் வழியிலேயே மூட்டையை இறக்கிக்கொண்டார்கள். ஆனால் என் கூடாரங்கள் விநியோகத்துக்குப் போகாமலே நின்றன. அதை நான் கண்ணால் பார்த்தவன். ஜனவரி 26 அன்றும் மறுபடி மார்ச் 28 அன்றும் ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் உதவி தடையின்றிப் போக வேண்டும் என்று இஸ்ரேலுக்கு உத்தரவிட்டது. இரண்டாவது உத்தரவு வந்த வாரம் எங்கள் சாலையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

அந்த ஊரில் எனக்கு ஓரளவுக்கு வழி சொன்னவர் ஒரு வயதான பாலஸ்தீனர். காசாவில் இறக்குமதி வியாபாரம் செய்தவர், போர் தொடங்கியபோது வெளியே இருந்ததால் அல்-அரீஷில் மாட்டிக்கொண்டவர். என்னை 'மகனே' என்றுதான் கூப்பிடுவார். "மகனே, இது 2023இல் தொடங்கியது என்று நினைத்துக்கொண்டா வந்தாய்?" என்று ஒருநாள் கேட்டார். 1967இல் காசாவை இஸ்ரேல் பிடித்ததிலிருந்து தன் சரக்கு யார் கையெழுத்தில் வந்தது என்று சொல்லிக்கொண்டே போனார். 2005இல் இஸ்ரேலியக் குடியேற்றக்காரர்களும் படையும் வெளியேறினாலும் வாசல்களும் வானமும் கடலும் அவர்கள் கையில்தான். பிறந்த குழந்தையின் அடையாள எண்கூட இஸ்ரேலின் மக்கள்தொகைப் பதிவேட்டில் ஏறினால்தான் செல்லும். 2007 ஜூனில் ஹமாஸ் காசாவைக் கைப்பற்றிய பிறகு இஸ்ரேலும் எகிப்தும் வாசலை இறுக்கின. அந்த முதல் சில வருஷங்களில் கொத்தமல்லி வர முடியாது, சாக்லேட் வர முடியாது, ஜாம் வர முடியாது. 2009இல் பாஸ்டா தடையில் இருந்ததும், காசாவுக்கு வந்த செனட்டர் ஜான் கெர்ரி விசாரித்த பிறகு அது விடப்பட்டதும் பெரியவருக்கு நேற்று நடந்த மாதிரி நினைவிருந்தது. 2010 மே மாதம், காசாவுக்கு உதவியோடு வந்த மாவி மர்மரா கப்பலை இஸ்ரேலியப் படை நடுக்கடலில் தாக்கிய சம்பவத்துக்குப் பிறகுதான் உணவுத் தடை தளர்ந்தது. 2012இல் இஸ்ரேலிய உரிமை அமைப்பான கீஷா நீதிமன்றம் போய் ஒரு அரசு ஆவணத்தை வெளியே கொண்டுவந்தது. 2008இல் தயாரித்தது. ஒரு காசாவாசிக்கு நாளுக்கு 2,279 கலோரி என்று கணக்குப் போட்டு அதற்கு எத்தனை லாரி என்று வகுத்திருந்தார்கள். அது வெறும் வரைவு, நடைமுறைப்படுத்தவில்லை என்றது இஸ்ரேல். பெரியவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, தன் பழைய இன்வாய்ஸ் கோப்புகளின் படங்களை ஃபோனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். 2014 போருக்குப் பிறகு ஒரு மூட்டை சிமென்ட் வாங்க வீட்டுக்காரர் பெயர், வீட்டின் சேத மதிப்பீடு எல்லாம் பதிய வேண்டியிருந்தது. ஒரு அலமாரிக்கு மரப்பலகை வாங்க அனுமதி கேட்டு அவருடைய வாடிக்கையாளர் காத்திருந்து காத்திருந்து கடையையே மூடிவிட்டாராம்.

இப்படி ஒருவரைப் போன முதல் வாரத்திலேயே தேடிப் பிடியுங்கள். ஐ.நா. கூட்டங்களில் உட்காருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எந்தப் பொருள் எந்தப் பெயரில் எழுதினால் கேள்வி குறையும், எந்த நாட்களில் சாவடி அரைநாள்தான் இயங்கும் என்பதெல்லாம் அங்கே காலமெல்லாம் சரக்கு அனுப்பிய வியாபாரிகளுக்குத்தான் தெரியும். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள என் அமைப்பிடம் பணம் கேட்டேன். ஆலோசகர் என்ற பதவிக்கு ஐரோப்பியத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று பதில் வந்தது. அந்த மின்னஞ்சலைப் பார்த்துப் பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது பண விஷயம், வெட்கப்படாமல் சொல்கிறேன். செலவுக்கென்று அமைப்பு அனுப்பிய முன்பணமும் என் சம்பளத்தில் ஒரு பகுதியும் பிப்ரவரியில் வங்கி விகிதத்தில் எகிப்திய பவுண்டாக வந்தது. அப்போது டாலருக்கு 31 பவுண்டுக்குப் பக்கம். மார்ச் 6 அன்று எகிப்து தன் பணத்தை மிதக்க விட்டது, ஒரே நாளில் டாலர் 50 பவுண்டைத் தொட்டது. என் கையில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு காலைக்குள் கரைந்தது. சுகாதாரப் பெட்டிகளை எல்லாம் பிரித்து நகவெட்டியும் கத்தரிக்கோலும் எடுத்து மறுபடி ஒட்ட ஊர்ப் பையன்களைக் கூலிக்கு வைத்தேன், ஒரு லட்சம் பவுண்டுக்குப் பக்கம் ஆனது. அமைப்பின் ஒப்புதல் வர நேரமாகும் என்பதால் பாதியை என் கையிலிருந்து கொடுத்தேன். லாரி நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் காத்திருப்புக் கூலி தனி. குடோன் வாடகை மாதத்துக்கு மாதம் ஏறியது, ஏனென்றால் உலகம் முழுக்க இருந்து சரக்கு வந்து அந்தச் சின்ன ஊரில் குவிந்தது. போதாக்குறைக்கு ஏப்ரல் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்து சிறுநீரகக் கல் வந்து, இஸ்மாயிலியா வரை போய்ப் படுக்க வேண்டியதாயிற்று. என் பயணக் காப்பீட்டின் பொடி எழுத்தில் வட சினாய் விலக்கு என்று இருந்தது. மருத்துவச் செலவோடு சேர்த்து என் சொந்தப் பணம் இரண்டரை லட்சம் ரூபாய் போனது. அதில் கொஞ்சம் திரும்பி வந்தது.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சம்பளம் டாலரில் உங்கள் ஊர்க் கணக்குக்கு வருமாறு கேளுங்கள், செலவுப் பணம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும்படி இருக்கட்டும். காப்பீட்டில் மாகாணத்தின் பெயர் போட்டு எழுத்தில் வாங்குங்கள். திருப்பி அனுப்பப்படும் சரக்கின் செலவு, மறு பேக்கிங், காத்திருப்புக் கூலி மூன்றும் பட்ஜெட்டில் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பட்ஜெட்டில் விளம்பரப் பதாகைக்குத் தனி வரி இருந்தது, மறு பேக்கிங்குக்கு இல்லை. கெய்ரோவிலிருந்து சூயஸ் கால்வாய்க்கு அடியில் சுரங்கப்பாதை தாண்டி அல்-அரீஷ் வர முன் அனுமதி வேண்டும், வழி நெடுக ராணுவச் சாவடிகள். அனுமதிக் கடிதத்தின் நகலைக் கட்டாக வைத்துக்கொள்ளுங்கள், சாவடிக்கு ஒன்று கேட்பார்கள். சாலையில் ஃபோனை எடுத்துப் படம் பிடிக்கவே பிடிக்காதீர்கள், லாரி வரிசை மனதை உலுக்கினாலும் சரி. கெய்ரோவில் இந்தியத் தூதரகத்தில் பெயரும் எண்ணும் பதிந்துவிட்டுப் போங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் எங்கள் சரக்கை வாங்கிப் பகிர்ந்தவர் ஒரு பெண், போருக்கு முன் பள்ளி ஆசிரியை. காசா நகரத்தை விட்டு வெளியேறி, கான் யூனிஸ் வந்து, அங்கிருந்தும் வெளியேறி ரஃபாவில் தல் அஸ்-சுல்தான் பகுதியில் உறவினர் வீட்டு முற்றத்தில் இருந்தார். அந்தச் சின்ன ஊரில் அப்போது பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகத்தான் பேசுவார், சிக்னல் கிடைக்கும்போது மொத்தமாக வந்து விழும். நான் ஆரம்பத்தில், இந்த வாரம் கூடாரம் வந்துவிடும் என்று சொல்லிவிடுவேன். அவர் அதை நம்பி அங்கே குடும்பங்களின் பெயர் எழுதி வைப்பார். லாரி வராதபோது அந்தக் குடும்பங்களுக்கு முன்னால் நிற்பது அவர்தான், நான் இல்லை. ஒருநாள் ரொம்ப மரியாதையாகச் சொன்னார், லாரி அவர் கண்ணில் படும்வரை தேதி எதுவும் சொல்ல வேண்டாம் என்று. அதன் பிறகு நான், "நிட்சானா தாண்டிவிட்டது", "இன்னும் தாண்டவில்லை" என்று மட்டும் சொன்னேன். உள்ளே இருக்கும் கூட்டாளியிடம் நீங்களும் அப்படியே பேசுங்கள். நம்பிக்கை கொடுப்பது நல்லது என்று தோன்றும். அங்கே அது கடன் மாதிரி, அவர் தலையில் விழும்.

நன்கொடையாளர்களுக்கு அனுப்பப் படம் வேண்டும் என்று தலைமையகம் கேட்டதுதான் எனக்குக் கோபம் வந்த ஒரே விஷயம். சோப்புப் பெட்டியைக் கையில் பிடித்தபடி குழந்தை, பின்னால் எங்கள் சின்னம். ஆசிரியை ஒருமுறை எடுத்து அனுப்பினார். அடுத்த முறை கேட்டபோது, பெட்டி வாங்கும் பெண்கள் தலைவாரக்கூட வழியில்லாமல் இருக்கிறார்கள், படம் வேண்டாம் என்கிறார்கள், கையெழுத்துப் பட்டியல் அனுப்பட்டுமா என்றார். நான் பட்டியலை அனுப்பிவிட்டு, படம் கிடைக்காது என்று எழுதினேன். கொஞ்சம் முறைத்துக்கொண்டார்கள், பணம் நிற்கவில்லை. பயப்படாமல் மறுக்கலாம்.

ஆசிரியையின் அம்மாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. வாரத்துக்கு மூன்று தடவை செய்ய வேண்டியது, இயந்திரத்துக்கும் மருந்துக்கும் கூட்டம் அதிகமாகி இரண்டானது, நேரமும் குறைந்தது. எகிப்துக்கு அழைத்து வர வேண்டும் என்றால் ஒரு பெரியவருக்கு 5,000 டாலர், குழந்தைக்கு 2,500 என்று அப்போது விலை. வெளியேறுவதற்கு ஏற்பாடு செய்கிற கட்டணம் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவிலும் சவுதியிலும் இருந்த உறவினர்கள் சேர்த்துக் கட்டினார்கள். பெயர் பட்டியலில் வருவதற்குக் காத்திருந்தபோது மே 6 அன்று ரஃபாவின் கிழக்குப் பகுதி மக்களை வெளியேறச் சொன்னார்கள், மே 7 காலையில் இஸ்ரேலியப் படை ரஃபா வாசலின் காசா பக்கத்தைப் பிடித்தது. வாசல் மூடியது. நான் அல்-அரீஷில் அன்று என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. வழக்கம்போலக் குடோனுக்குப் போய் மேனிஃபெஸ்டை, அதாவது சரக்குப் பட்டியலை, வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா இரண்டு மாதம் கழித்து அல்-மவாசியில் கூடாரத்தில் இறந்தார். கட்டிய பணத்தில் ஒரு பகுதி திரும்ப வந்தது என்று அவர் சொன்னபோது எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை, வருத்தத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மே முழுக்க அந்தச் சாலையில் நாற்றம். முட்டை, உருளைக்கிழங்கு, கோழி ஏற்றிய லாரிகள் வெயிலில் நின்றன. சில ஓட்டுநர்கள் சரக்கைக் கிடைத்த விலைக்கு விற்றார்கள், மீதியைக் கொட்டினார்கள். எங்களிடம் உணவு இல்லை, அதனால் அழுகவில்லை. ஆனால் நாப்கின் பெட்டிகளில் எலி புகுந்தது, பற்பசை வெந்து கட்டியானது. இங்கே ஒரு சின்னக் குறிப்பு: காலாவதித் தேதியைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், 45 டிகிரியில் இரண்டு மாதம் தார்பாலினுக்கு அடியில் கிடந்தால் இந்தப் பொருள் என்ன ஆகும் என்று விற்பவரிடமே கேட்டு வாங்குங்கள். மே 26 அன்று எகிப்திலிருந்து லாரிகளைக் கெரெம் ஷாலோம் வழியாக விட ஏற்பாடாகி முதல் வரிசை நகர்ந்தது. குடோனில் ஆளாளுக்குக் கை குலுக்கிக்கொண்டோம். அன்றிரவு தல் அஸ்-சுல்தானில் கூடார முகாமின் மேல் குண்டு விழுந்து தீப்பிடித்தது. குறைந்தது 45 பேர் இறந்தார்கள். ஆசிரியை அதற்கு முன்பே மவாசிக்குப் போயிருந்தார் என்பது எனக்கு மறுநாள் மாலைதான் தெரிந்தது. அந்த இடைவெளியில் என்னால் சாப்பிட முடியவில்லை, யாரிடமும் பேசவும் முடியவில்லை. ஊருக்கு ஃபோன் செய்தால் அம்மா, "அங்கே உனக்கு ஆபத்து இல்லையேப்பா?" என்று கேட்பாள். இல்லை என்பது உண்மை. அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

கூடாரங்களின் அலுமினியக் கால்களை எடுத்துவிட்டுத் துணியை மட்டும் தனியாக அனுப்பினோம், பெரியவரின் யோசனை. உள்ளே இடிந்த வீடுகளின் மரச்சட்டத்தையும் கம்பியையும் வைத்து அவர்களே நிறுத்திக்கொள்வார்கள் என்றார். கோடையில் ஒரு பகுதி போய்ச் சேர்ந்தது. இன்னொரு பகுதி கெரெம் ஷாலோமிலிருந்து வரும் வழியில் கொள்ளை போனது. மிச்சம் நான் ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போதும் அல்-அரீஷ் குடோனில்தான் இருந்தது. ஐரோப்பாவில் அச்சடித்த ஆண்டறிக்கையில் மூன்றும் சேர்த்து 'அனுப்பப்பட்டவை' என்று ஒரே எண்ணாக வந்தது. இனி நான் எந்த அமைப்பின் அறிக்கையைப் பார்த்தாலும் அனுப்பியது எவ்வளவு, எல்லை தாண்டியது எவ்வளவு, கையில் சேர்ந்தது எவ்வளவு என்று மூன்றாகத்தான் தேடுகிறேன். நன்கொடை கொடுக்கிறவர்களும் அந்த மூன்றையும் கேட்டு மின்னஞ்சல் போடலாம், பதில் தருகிற அமைப்புகள் இருக்கின்றன.

அதன் பிறகு நடந்ததை ஊரில் இருந்து பார்த்தேன். 2025 ஜனவரி 19 போர் நிறுத்தத்தில் லாரிகள் ஏராளமாகப் போயின, வாசல் திறந்தால் போகும் என்பதற்கு அந்தச் சில வாரங்களே சாட்சி. மார்ச் 2 அன்று இஸ்ரேல் எல்லாச் சரக்கையும் நிறுத்தியது. மே 19 வரை ஏறக்குறைய பதினோரு வாரம் ஒரு மூட்டை மாவுகூட உள்ளே போகவில்லை. ஆகஸ்ட் 22 அன்று ஐ.நா. ஆதரவுடன் பசியின் அளவை மதிப்பிடும் ஐ.பி.சி. வல்லுநர் குழு காசா மாகாணத்தில் பஞ்சம் என்று உறுதி செய்தது, ஐந்து லட்சத்துக்கும் மேல் மக்கள் அந்த நிலையில் இருந்தார்கள். இஸ்ரேல் அதை மறுத்தது. அக்டோபர் 10 அன்று மறுபடி போர் நிறுத்தம். இதற்கிடையில் வெளிநாட்டு அமைப்புகள் இஸ்ரேலிடம் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும், பாலஸ்தீன ஊழியர்களின் விவரத்தையும் தர வேண்டும் என்று 2025 மார்ச்சில் விதி வந்தது. பதிவு இல்லாத அமைப்பின் சரக்கை அனுமதிப்பதில்லை. இப்போது வேலைக்குக் கூப்பிடும் அமைப்பிடம் முதலில் கேட்க வேண்டியது அதுதான்: பதிவு இருக்கிறதா, இல்லையென்றால் யார் பெயரில் சரக்கு போகும்?

ஊரில் திரட்டுகிறவர்களுக்கு. பழைய துணி சேர்க்காதீர்கள், அது அல்-அரீஷில் மலையாகக் கிடந்ததை நான் பார்த்தேன். உள்ளே இருக்கும் தனி ஆளுக்குப் பணம் அனுப்பினால் அப்படியே சேரும் என்றும் நினைக்காதீர்கள். வங்கிக் கிளைகள் இடிந்து, புது நோட்டு உள்ளே விடப்படாததால், கணக்கில் இருக்கும் பணத்தைக் கையில் வாங்க 2025 நடுவில் நூற்றுக்கு நாற்பது வரை தரகு போனது. கடையில் ஃபோன் மூலம் கட்டும் வசதி வந்த இடங்களில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. அதனால் அனுப்பும் முன் பெறுபவரிடமே எந்த வழி என்று கேளுங்கள். சமூக வலைத்தளத்தில் உருக்கமாக எழுதிக் கணக்கு எண் போடும் எல்லாரையும் நம்பவும் வேண்டாம், எல்லாரையும் மோசடிக்காரர் என்று ஒதுக்கவும் வேண்டாம், ஒரு வீடியோ அழைப்பில் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். அங்கே ஏற்கனவே ஆட்களும் குடோனும் சமையல் கூடமும் வைத்திருக்கிற பெரிய அமைப்புகளுக்கு, எந்தப் பொருளுக்கு என்று நிபந்தனை போடாமல் கொடுப்பது என் கணக்கில் மேல்.

ஆசிரியை இப்போது தெய்ர் அல்-பலாவில் இருக்கிறார், ஒரு கூடாரத்தில் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறார். பேச்சு வாக்கில் என்ன தேவை என்று கேட்டேன். எல்லாரும் பிறந்த குழந்தை அளவு டயப்பராகவே அனுப்புகிறார்களாம், நான்காம் ஐந்தாம் அளவு கிடைக்கவில்லை. ஓரத்தில் வளையம் அடித்த தார்பாலின், ஏனென்றால் வளையம் இல்லாதது முதல் காற்றில் கிழிகிறது. கயிறு. பென்சிலும் பென்சில் சீவியும். பென்சில் சீவியில் பிளேடு இருக்கிறதே என்றேன். அதைப் பெட்டிக்குள் போடாமல் தனி லாரியில் அனுப்பச் சொல்லுங்கள், வந்தால் வரட்டும் என்றார். பதிவு உள்ள ஒரு அமைப்பில் பழைய நண்பர் ஒருவர் இருக்கிறார், பட்டியலை அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.